அரையடிப் பலகை

மேட்டுமடத்துச் சாமிக்குச் சீடர்கள் என்று பார்த்தால் ஏழெட்டுப் பேர் தேறுவார்கள். அதில் மூத்தவர் தெய்வநாயகம். சாமிக்கு வயது நாற்பத்தெட்டு, இவருக்கு அறுபத்திரண்டு. பதினாலு வயது சின்னவர் காலில் விழுகிறோமே என்று அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை.

தெய்வநாயகம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் நிலத்தையெல்லாம் முப்பத்துமூன்று வருஷம் அளந்து கொடுத்துவிட்டு, தான் மட்டும் ஒன்பது ஊரில் ஒன்பது வாடகை வீட்டில் குடியிருந்த மனிதர். கடைசியில் ஒருவழியாக மணப்பாறைக்கு வெளியே மனை வாங்கி வீட்டு வேலையை ஆரம்பித்தார். கூரைக்குக் கான்கிரீட் போட்ட மறுவாரம் மனைவி குஞ்சரம் காய்ச்சல் என்று படுத்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

பேர்தான் குஞ்சரம். ஆள் நாலே முக்கால் அடி. ஆனாலும் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். புது வீட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். கூடத்துக்குச் சிவப்புத் தரை. குளியலறைக்கு வழுக்காத டைல்ஸ். ஜன்னலெல்லாம் வேப்பமரம். கொல்லைக் கதவுக்கு ரெண்டு தாழ்ப்பாள். சமையல் மேடை ரெண்டரை அடி உயரம். தெய்வநாயகம் அந்த நோட்டை விட்டு இம்மியும் நகரவில்லை.

கொத்தனார் சவரிமுத்துதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாமல், "ரெண்டரை அடி ரொம்பத் தாழ்வுங்கய்யா. நாளைக்கு இதுல யாரு நின்னு சமைக்கப் போறது?" என்று கேட்டுவிட்டார். தெய்வநாயகம் அவரைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டார். கொத்தனார் அதோடு கப்சிப்.

கேட்டதில் தப்பொன்றும் இல்லை. பதில் இல்லாததால்தான் இவருக்கு அத்தனை கோபம். அந்த வீட்டில் குடியிருக்கிற எண்ணமே அவருக்குக் கிடையாது. அவள் சொன்னபடி எல்லாவற்றையும் முடித்து, ஊருக்காகப் பால் காய்ச்சி, வீட்டைப் பூட்டிவிட வேண்டியது. வெள்ளிக்கிழமை விளக்கேற்ற ஓர் ஆளை வைத்துவிட்டு, ஓசூரில் மகள் வீட்டில் ஒரு மூலையில் போய் விழுந்து கிடக்க வேண்டியது. அத்தோடு சரி. இதை அவர் சாமியிடம் மட்டும் சொல்லியிருந்தார். சாமி கேட்டுக்கொண்டார்.

வேலையெல்லாம் முடிந்து ஒன்றே ஒன்று பாக்கி நின்றது. சமையல் மேடையின் மேலே பதிக்கிற கிரானைட் என்ன நிறம் என்று குஞ்சரம் எழுதாமல் விட்டிருந்தாள். தெய்வநாயகம் கல் கடைக்கு நாலு தடவை போய் வந்தார். கருப்பு என்றால் அவள் வேண்டாம் என்பாளோ என்று ஒரு பயம், சாம்பல் நிறம் என்றாலும் அதே பயம். ஒரு மாதமாக வேலை நின்றுபோயிற்று. புதுமனைப் புகுவிழாவுக்கு வைத்த தேதி ரெண்டு முறை தள்ளிப்போய், மூன்றாவது தேதிக்குப் பதினோரு நாள்தான் இருந்தது.

கடைக்காரர் கொடுத்த ரெண்டு கல் துண்டையும் மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு மடத்துக்குப் போனார். சாமி மத்தியானச் சமையலுக்குப் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார். மடத்தில் சமையல் எப்போதும் சாமிதான்.

"கருப்பா, சாம்பலா? நீங்களே சொல்லிடுங்க சாமி."

சாமி ரெண்டு துண்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையிலேயே போட்டார்.

"நாளைக்கு எனக்கு உங்க வீட்டுல சாப்பாடு. புது வீட்டுல."

மெஸ்ஸில் நல்ல சாப்பாடாகவே வாங்கி வைக்கிறேன் என்றார் தெய்வநாயகம். எட்டு மாதமாக அவருக்கே அங்கேதான் சாப்பாடு.

"மெஸ்ஸுக்கு எனக்கு வழி தெரியும். நீங்க சமைங்க" என்றார் சாமி.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சாமி வந்துவிட்டார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். வேப்பமர ஜன்னலைத் தடவிப் பார்த்தார். கொல்லைக் கதவின் ரெண்டு தாழ்ப்பாளையும் போட்டுப் போட்டுத் திறந்தார். சிவப்புத் தரையில் செருப்பில்லாமல் நின்று, குளுகுளுவென்று இருக்கிறது என்றார். கூடவே வந்த தெய்வநாயகத்துக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

பூஜை அறையில் விளக்குக்குப் பக்கத்தில் பட்டுத்துணி சுற்றி, குங்குமம் வைத்து ஏதோ இருந்தது. அது என்ன என்று சாமி கேட்டார்.

அது ஒரு பலகை. அடியில் கால் அடித்தது, அரையடி உயரம். வாடகை வீடுகளில் சமையல் மேடை எல்லாமே மூன்றடி. குஞ்சரம் நின்றால் அடுப்பு அவள் நெஞ்சுக்கு வரும். முதல் ஊரிலேயே தச்சரைப் பிடித்து இந்தப் பலகையைச் செய்துகொண்டாள். அடுத்த எட்டு ஊருக்கும் முதல் சாமானாக லாரியில் ஏறியது இதுதான். போன இடத்தில் பால் காய்ச்சக்கூட இதன்மேல் ஏறி நின்றுதான் காய்ச்சுவாள், ஏறின கையோடு திட்டவும் ஆரம்பிப்பாள். இதையெல்லாம் தெய்வநாயகம் சொன்னார்.

"என்னன்னு திட்டுவாங்க?"

தெய்வநாயகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

"இந்த மேடையைக் கட்டுனவன், நிக்கிறவளை ஒரு வார்த்தை கேட்டானா?"

சாமியும் சிரித்தார். அப்புறம், பசிக்கிறது என்றார்.

உப்புமா என்று முடிவாயிற்று. அதுதான் அவருக்குத் தெரியும், அதுவும் பாதிதான் தெரியும். அடுப்பைப் பற்றவைக்கும் முன் வெங்காயம் நறுக்க நின்றார். ஆறடிக்கு ஒரு விரல் குறைவான உடம்பு, மேடையோ தொடைக்குச் சற்று மேலே. முதல் வெங்காயத்தைக் குனிந்து நறுக்கினார். ரெண்டாவதுக்குக் காலை அகட்டி வைத்துப் பார்த்தார். மூன்றாவதில் நிமிர்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். சாமி சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்தாரே தவிர, உதவிக்கு வரவில்லை. வாசலில் படி பூசிக்கொண்டிருந்த சவரிமுத்து ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

"முதுகு வலிக்குதா?"

"அவ சொன்ன உயரம் சாமி இது."

"முதுகு வலிக்குதான்னு கேட்டேன்."

தெய்வநாயகம் கத்தியைக் கீழே வைத்தார்.

"வலிக்குது சாமி" என்றார். மகள் தினமும் போனில் கேட்டும் அவளிடம் சொல்லாத வார்த்தை. சொன்னதும் கண்ணிலிருந்து கொட்ட ஆரம்பித்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லி மழுப்பினார். சாமி அதையும் கேட்டுக்கொண்டார்.

பிறகு எழுந்து போய்ப் பட்டுத்துணியைப் பிரித்துப் பலகையை எடுத்துவந்தார். குழாயடியில் தேய்த்துக் கழுவினார். தன் துண்டாலேயே துடைத்து, சமையல் மேடைமேல் வைத்தார். வெங்காயத்தையும் கத்தியையும் எடுத்து அதன்மேல் வைத்தார்.

தெய்வநாயகம் பதறிப்போனார். "சாமி, அது அவ கால் வெச்சு நின்ன பலகை."

"அதான் கழுவினேன். நறுக்குங்க."

நறுக்கினார். குனிய வேண்டியிருக்கவில்லை. கை தானாக வாட்டத்துக்கு வந்தது. ரெண்டரையும் அரையும் எவ்வளவு என்று ஒரு சர்வேயருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மீதி வெங்காயத்தை மெதுவாக, முதுகு நிமிர்ந்தபடியே நறுக்கி முடித்தார். பச்சைமிளகாயையும் நறுக்கினார். இஞ்சி வாங்க மறந்துவிட்டோமே, நாளைக்கு வாங்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

உப்புமா கட்டி தட்டிப்போயிற்று, உப்பும் ஒரு கல் குறைவு. சாமி ரெண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சவரிமுத்துவுக்கும் ஒரு தட்டு போனது. தட்டைக் கையில் கொடுத்துக்கொண்டே, "மேடையை மூணடியா ஏத்திடுங்க" என்றார் தெய்வநாயகம். கொத்தனார் ஏன் என்று கேட்கவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் கோடு போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

சாமி கை கழுவிக்கொண்டு செருப்பை மாட்டினார். தெரு முனைக்குப் போவதற்குள் தெய்வநாயகம் மஞ்சப் பையோடு பின்னாலேயே ஓடிவந்தார்.

"கல்லு என்ன நிறம்னு நீங்க சொல்லவே இல்லையே சாமி. கருப்பா, சாம்பலா?"

சாமி நின்று திரும்பிப் பார்த்தார்.

"என்னை எதுக்குக் கேக்கறீங்க? நிக்கிறவரை ஒரு வார்த்தை கேளுங்க."