முறுக்கால் பூசிய கதவு

"கடமுடா... கர்ர்ர்... கடமுடா..."

பொழுது சாய்ந்து காடு அடங்கிய நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. வேங்கை மரத்துப் பொந்துக்குள் இருந்த மூக்காயி என்ற இருவாச்சிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன் பெரிய மஞ்சள் அலகை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு, மூச்சை அடக்கி நின்றாள்.

"மரநாயா? மரத்தில் ஏறுகிறானா? ஐயோ, கதவு வேறு இப்படிக் கிடக்கிறதே!"

மறுபடியும் சத்தம். வெளியிலிருந்து வரவில்லை. அவள் காலடியிலிருந்து வந்தது. குனிந்து காதை வைத்துக் கேட்டாள். அவளுடைய குஞ்சு பிஞ்சுவின் வயிறுதான் அப்படிக் கத்திக்கொண்டிருந்தது!

"அம்மா, வயிறு வலிக்குது."

"பசிக்குதா கண்ணு?"

"பசிக்கலை."

"அப்புறம் என்ன செய்யுது?"

"தெரியலை."

மூக்காயிக்கும் தெரியவில்லை. அவளுக்கு அது தலைப்பிள்ளை. சில நாளாகவே பிஞ்சு சரியாக வெளிக்குப் போகவில்லை. வயிறு கல்லாக இருந்தது. முதுகில் முளைக்க வேண்டிய சிறகு முளைக்காமல் குச்சி குச்சியாக நின்றது. எதைக் கொடுத்ததால் இப்படி ஆயிற்று? எதைக் கொடுக்காததால் இப்படி ஆயிற்று? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. பயம் வந்தால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது. மூலையில் கிடந்த ஒரு முறுக்கை எடுத்துக் கறுக்கு முறுக்கென்று கடித்தாள்.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பொந்துக்குள் போய், உள்ளேயிருந்தே வாசலை அடைத்துக்கொள்வாள். தின்ற பழத்தின் சக்கை, எச்சம், மரத்தூள் எல்லாவற்றையும் குழைத்துப் பூசுவாள். காய்ந்தால் அது கல் மாதிரி ஆகிவிடும். ஒரு கீற்று இடைவெளி மட்டும் விடுவாள். அதன் வழியாக ஆண் அலகை நீட்டி ஊட்டுவான். உள்ளே போன பெண்ணுக்கு இறகெல்லாம் உதிர்ந்துவிடும். அது திரும்ப முளைக்கும்வரை அவளால் பறந்து தப்பிக்கவும் முடியாது. ஆகவே அந்தக் கதவுதான் அவளுக்கும் குஞ்சுக்கும் உயிர்.

அந்தக் கதவு கோடை மழையில் பாதி பெயர்ந்து விழுந்துவிட்டது. அன்றைக்குப் பிடித்தது வினை!

அதுவரை கீற்று வழியே புருஷன் மூக்கையாவின் அலகு நுனி மட்டும்தான் தெரியும். இப்போதோ காட்டில் பாதிப் பேர் முகத்தை உள்ளே நீட்டினார்கள்.

முதலில் வந்தவன் மரநாய். பட்டப்பகலில், தூரக் கிளையில், வாலைச் சுருட்டி மரியாதையாக உட்கார்ந்துகொண்டான்.

"பயப்படாதே தாயி! நான் பறவை தின்கிறதை விட்டுட்டேன். பிள்ளை சௌக்கியமா? என்ன குடுக்கிறே?"

"அத்திப்பழம்தான். பக்கத்து மரத்துல பழுத்துக் கிடக்கே."

"ஐயையோ! அத்திப்பழத்தைப் புட்டுப் பார்த்தா அத்தனையும் புழுன்னு நீ கேட்டதே இல்லையா? பச்சைப்பிள்ளை வயித்துல புழுவா! சரி, உன் பிள்ளை, உன் இஷ்டம். நான் எதுவும் சொல்லலை!"

எதுவும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். மூக்காயி ஒரு பழத்தைப் பிட்டுப் பார்த்தாள். நிஜமாகவே உள்ளே பொடிப் பொடியாய்ப் பூச்சி நெளிந்தது! பயந்து கிடப்பவள் பயமுறுத்துகிறவன் பேச்சைத்தான் முதலில் நம்புவாள். அன்றோடு அந்த வீட்டில் அத்திப்பழம் நின்றது.

அடுத்து மந்தி அக்கா வந்தாள். மலைப்பாதையில் வண்டிகள் நிற்கும் இடத்திலிருந்து முறுக்கும் சிப்ஸும் அள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

"இதைக் குடுடி! ஊர்ப் பிள்ளைங்கல்லாம் இதைத் தின்னுதான் வளருது. எப்படி இருக்குதுங்க தெரியுமா? எல்லாம் கார்ல போகுதுங்க! ஒண்ணாவது நடக்குதுன்றே?"

பிஞ்சு ஒரு வாய் தின்றது. கண் விரிந்தது. "இன்னும்!" என்றது.

கரடி மாமா வந்தார். "தேன் குடு. வேற எதுவும் குடுக்காதே. நான் எப்படி இருக்கேன் பாரு!"

மூக்காயி பார்த்தாள். மாமாவுக்குக் கழுத்து எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

மேல்கிளையிலிருந்து மலையணில் குதித்து வந்தான். "தேனா? கூடவே கூடாது! பல்லு போயிடும்!"

"எங்களுக்குப் பல்லே கிடையாதே!"

"அதான் சொல்றேன்! போயிடுச்சு பாரு! கொட்டையைக் குடு!"

மூக்கையாவின் பாடு திண்டாட்டம் ஆயிற்று.

"ஏ புள்ள! காலையில கொட்டைன்னே. மலை ஏறிக் கொண்டாந்தேன். மத்தியானம் தேன்னே. தேனீ கொட்டின மூஞ்சியைப் பாரு! இப்ப என்ன?"

"என்னங்க, கொட்டையும் தேனும் ஒண்ணாக் குடுத்தா ஆகாதாம். நடுவுல ஏதாவது கொண்டு வாங்களேன்."

"நடுவுலன்னா?"

"அதுதாங்க எனக்கும் தெரியலை!"

கடைசியில் குழந்தை அழாமல் தின்றது முறுக்கும் சிப்ஸும்தான். மந்தி அக்கா கொண்டுவந்து குவித்தாள். மூக்காயியும் அதையே தின்றாள். அந்தத் துணுக்கையே குழைத்துக் கதவையும் பூசினாள். பூசும்போது நன்றாகத்தான் இருந்தது, எண்ணெய்ப் பளபளப்போடு. விடிந்தால் பொலபொலவென்று உதிர்ந்து கிடந்தது! மறுபடி பூசினாள். மறுபடி உதிர்ந்தது. ஏன் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் அன்றிரவு பிஞ்சுவின் வயிறு கடமுடா என்று கத்தியது.

அதைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு இன்னொரு சத்தம் கேட்டது. சர்ரக்... சர்ரக்... இது வயிறு இல்லை. மரப்பட்டையில் நகம்!

"என்ன தாயி, தூங்கலையா?" என்றான் மரநாய். குரலில் பகலில் இருந்த மரியாதை இல்லை. கதவின் மேல் ஒரு கை வைத்தான். புதுப்பூச்சு பொரியாய் உதிர்ந்தது. கையும் மூக்கும் உள்ளே நுழைந்தன.

"பறவை தின்கிறதை விட்டுட்டேன்னு சொன்னீங்களே!"

"பகல்ல விட்டுட்டேன், தாயி!"

மூக்காயி குஞ்சைப் பின்னால் தள்ளி, அலகை ஓங்கி அந்தக் கையில் ஒரு போடு போட்டாள். "ஆவ்!" என்று கையை இழுத்துக்கொண்டான். மூக்கு மட்டும் வாசலில் நின்றது. நிலா வெளிச்சத்தில் அவன் மீசை தெரிந்தது. அந்த மீசை முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தது என்ன? பொடிப் பொடியாய் அத்தி விதை!

"நாளைக்கு வர்றேன். கதவு இன்னும் கொஞ்சம் உதிரட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

மூக்காயி அப்படியே நின்றாள். புழு என்று சொன்னவன் மீசையில் அத்தி விதையா! அவளுக்கு மட்டும்தான் புழுவா? உதிராமல் நின்ற பழைய கதவின் கீழ்ப்பாதியை அலகால் தட்டிப் பார்த்தாள். ணங்கென்றது. கூர்ந்து பார்த்தாள். அதிலும் அத்தி விதை! அவள் அத்திப்பழம் தின்ற நாளில் பூசியது. மேலே உதிர்ந்தது முறுக்கு தின்ற நாளில் பூசியது.

விடிந்ததும் மூக்கையா வந்து, "இன்னைக்கு என்ன உத்தரவு?" என்றான் சலிப்போடு.

"அத்திப்பழம் கொண்டு வாங்க. நம்ம பக்கத்து மரத்துலயே."

"வேண்டாம்னியே?"

"அதுல புழு இருக்குன்னு மரநாய் சொன்னான்."

மூக்கையா சிரித்த சிரிப்பில் கிளை ஆடியது. "அடியே, நாம பறவைடி! புழுவைப் பார்த்துப் பறவை பயந்தா, அப்புறம் புழு யாரைப் பார்த்துப் பயப்படும்? இதை முதல்லயே எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

பழம் வந்தது. பிஞ்சு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "வேணாம். முறுக்கு."

"முறுக்கு வயித்துக்கு ஆகாதுடா கண்ணு."

"நீ மட்டும் ராத்திரி கறுக்கு முறுக்குன்னு தின்னியே!"

மூக்காயிக்கு அலகு தொங்கிப்போயிற்று. மிச்சமிருந்த முறுக்கையெல்லாம் வாசல் வழியே வெளியே தள்ளினாள். ஒரு சின்னத் துண்டை மட்டும் வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு பழத்தைப் பிட்டு, குழந்தையின் எதிரிலேயே நிதானமாக மென்றாள்.

பிஞ்சு பார்த்துக்கொண்டே இருந்தது. "அதுல புழு இருக்காமே?"

"இருக்கு."

"எப்படி இருக்கும்?"

"தித்திப்புக்குள்ள கொஞ்சம் உப்பு மாதிரி."

பிஞ்சுவின் அலகு லேசாகத் திறந்தது. முறுக்குத் துண்டை நொறுக்கிப் பழத்தின் மேல் தூவி ஊட்டினாள். அடுத்த பழத்துக்குத் தூவல் பாதியாயிற்று. அதற்கடுத்த பழத்துக்குத் தூவ மறந்தே போனாள். பிஞ்சுவும் கேட்க மறந்தது. மூக்கையா பனியில் நனைந்த பழமாகப் பார்த்துக் கொண்டுவந்தான். பழத்தோடு தண்ணீரும் பிஞ்சுவின் வயிற்றுக்குள் போயிற்று. வழியில் அகப்பட்ட ஒரு வண்டையும் சேர்த்துக்கொண்டான். வயிறு நிறைந்ததும் பிஞ்சு தலையைத் திருப்பிக்கொண்டது. இன்னொரு வாய் என்று மூக்காயி கெஞ்சவில்லை.

தேன் நல்லதா கெட்டதா? கொட்டை கொடுக்கலாமா கூடாதா? அது அவளுக்கு அப்போதும் தெரியவில்லைதான். எதிரே பழுத்துக் கிடப்பதைக் கொடுக்கலாம் என்பது மட்டும் தெரிந்தது.

பகல் முழுக்கச் சக்கையைக் குழைத்துக் குழைத்துக் கதவைப் பூசினாள். இன்று உதிரவில்லை. பூசப் பூச இறுகியது. ஆனால் மூக்கையாவின் கீற்றுக்கு மேலே, ஒரு கை நுழையும் அளவு ஓட்டை மிச்சமிருக்கும்போதே சக்கை தீர்ந்துவிட்டது. பொழுதும் சாய்ந்துவிட்டது. மூக்கையா தன் இரவுக் கிளைக்குப் போய்விட்டான்.

சர்ரக்... சர்ரக்...

"தாயி! கதவை ரொம்ப அடைக்காதே! பிள்ளைக்குக் காத்து வேணும்!"

"அடி மூக்காயி! முறுக்கை ஏன்டி கீழே கொட்டினே?" என்று மேலேயிருந்து மந்தி அக்கா கத்தினாள்.

"தேனு, தேனு!" என்றார் கீழேயிருந்து கரடி மாமா.

"கொட்டை!" என்றான் அணில்.

யார் என்ன சொல்கிறார்கள் என்றே புரியவில்லை. மூக்காயிக்குப் பழையபடி தலை சுற்றியது. அதற்குள் மரநாயின் மூக்கு ஓட்டைக்குள் நுழைந்துவிட்டது!

கடமுடா... கர்ர்ர்...

"அம்மா!" என்றது பிஞ்சு. "வருது!"

"என்னடா வருது?"

பிஞ்சு சட்டென்று திரும்பி, வாசலைப் பார்த்து முதுகைக் காட்டியது.

புளிச்!

இத்தனை நாள் வராதது எல்லாம் ஒரேயடியாக வந்தது. பாதி மரநாயின் முகத்தில். "த்தூ! த்தூ!" என்று அவன் பிடி நழுவிக் கரடி மாமாவின் முதுகில் போய் விழுந்தான். மீதி வாசலிலேயே நின்றது, விதை விதையாக, பதமாக. மூக்காயி ஒரு கணமும் தாமதிக்கவில்லை. அலகின் பக்கவாட்டால் அதைப் பரப்பினாள், அமுக்கினாள், தேய்த்தாள். ஓட்டை அடைபட்டது.

வெளியே இன்னும் எல்லோரும் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. பிஞ்சு தூங்கிவிட்டது.

வந்தவர் சொன்னதையெல்லாம் ஊட்டிய வீட்டில் வயிறு அடைத்தது, வாசல் திறந்தது. பக்கத்து மரத்தில் பழுத்ததைத் தானும் தின்று பிள்ளைக்கும் ஊட்டிய அன்றே வயிறு திறந்தது, கதவும் உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டதுபோல் இறுகியது.