கீறல் விழாத ஆசனம்

முன்னொரு காலத்தில், ராஜாவின் உடம்பு பெருத்து நாற்காலிகளெல்லாம் சிறுத்துப்போன ஒரு தேசத்தில், கோட்டையப்பன் என்று ஒரு விகடகவி இருந்தான். அவனுக்கு நாக்கில் சனி. ஒரு நாள் ராஜா உட்கார்ந்ததும் தேக்கு ஆசனம் முனகியது.

"மகாராஜா, தங்களைத் தாங்கும் தெம்பு கருங்காலிக்குத்தான் உண்டு!" என்றான்.

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. மலைக்காட்டில் நின்ற பெரிய கருங்காலியை அன்றைக்கே வெட்டிவரச் சொல்லிவிட்டார். எத்தனையோ தலைமுறை கண்ட மரம், ஒரு பகடிக்கு வெட்டுப்பட்டுக் கிடந்தது. கோட்டையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

தச்சர் மாடசாமி ஆசாரி மரத்தைத் தட்டிப் பார்த்தார். "பச்சை மரம் சாமி. வெட்டுவாய்க்கு மெழுகு பூசி நிழல்ல மூணு வருசம் கிடக்கணும். அவசரப்பட்டா வெடிச்சுரும்."

ராஜா கொடுத்தது மூன்றே மாதம். ஆசனம் சபைக்கு வந்த பத்தாம் நாள் நடுவில் வெடித்தது.

விகடகவி மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்த பிரதானி திருமலையப்பருக்குக் கரும்பு தின்னக் கூலியும் கிடைத்தது. "கருங்காலி வெடிக்குமா, மகாராஜா? ஆசாரி அதை ஒளித்துவிட்டு மாமரத்துக்குக் கரி ஏற்றிக் கொடுத்திருக்கிறான். யோசனை சொன்ன விகடகவிக்கும் பங்கு இருக்கும்."

"ஆசாரியின் வலக்கையை வெட்டுங்கள்!" என்றார் ராஜா.

கோட்டையப்பன் பதறிப்போய்க் காலில் விழுந்தான். "கருங்காலிதான், மகாராஜா. நான் நிரூபிக்கிறேன்."

"நிரூபியும். ஆனால் என் ஆசனத்தில் ஒரு கீறல் விழக்கூடாது. செதுக்கக்கூடாது, சுரண்டக்கூடாது."

சுரண்டாமல் கரியா மரமா என்று எப்படிக் காட்டுவான்? பிரதானி மீசைக்குள் சிரித்தார்.

கோட்டையப்பன் ஆறு காவலரை அழைத்து, ஆசனத்தைத் தூக்கி அரண்மனைக் குளத்தில் போடச் சொன்னான். தொபுக்கடீர்! அது நேரே அடிக்குப் போய்விட்டது. பிரதானி உட்கார்ந்திருந்த மாம்பலகை மணையையும் பிடுங்கி வீசினான். அது மிதந்தது.

"ஐயோ, என் ஆசனம்!" என்று கத்தினார் ராஜா.

"கீறல் விழவில்லையே, மகாராஜா! நனைக்கக்கூடாது என்று தாங்கள் சொல்லவில்லை. மாமரம் மிதக்கும். நம் காட்டில் கல்லாய் மூழ்குகிற கறுப்பு மரம் கருங்காலி ஒன்றுதான். வெளியே எடுத்து நிழலில் காயவையுங்கள். வெயில் பட்டால் இன்னும் வெடிக்கும்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். ஆசாரியின் கை தப்பியது. பிரதானி நின்றபடியே தலையைத் தொங்கப்போட்டார்.

"கோட்டையப்பரே, உமக்கும் ஒரு கருங்காலி ஆசனம் பரிசு! காட்டில் இன்னும் ஒரு மரம் நிற்கிறதாம். நாளைக்கே வெட்டச் சொல்கிறேன்."

கோட்டையப்பனுக்கு முகம் வெளிறிவிட்டது. "மகாராஜா, வெட்டாமலே கொடுங்கள். நானே போய் அதன் வேரில் உட்கார்ந்துகொள்கிறேன். என் ஆசனத்திலும் கீறல் விழக்கூடாது."

ராஜா மறுபடியும் சிரித்து, அப்படியே ஓலை எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் கோட்டையப்பன் ஓலையோடு காட்டுக்குப் போய்த் தன் மரத்து வேரில் உட்கார்ந்தான். எதிரே முதல் மரத்தின் அடிக்கட்டை இருந்தது. அவன் வாயைத் திறந்தால் சிரிக்கும் சபை அங்கே இல்லை. அடிக்கட்டையைப் பார்த்துப் பார்த்து, பொழுது சாயும்வரை அழுதான்.