மணைமேல் ஏறிய வண்டி

குதிரைப்பாறை மடத்துக்கு அமாவாசைதோறும் அரிசி கொண்டுவருகிறவர் சடையாண்டி. அரிசியோடு ஒரு கேள்வியும் வரும். கேள்வியைக் கேட்காமல் அவர் மூட்டையை இறக்கியதாக யாருக்கும் நினைவில்லை.

"போன உயிர் எங்க போகுது சாமி?" என்று ஒரு அமாவாசைக்குக் கேட்டார். மடத்துச் சாமி மூட்டையின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினார். "ஆசையை விட்டுட்டேன்னு நினைக்கிறதும் ஒரு ஆசைதானே?" என்று இன்னொரு அமாவாசைக்குக் கேட்டார். சாமி மோர் கொடுத்தார்.

சாமிக்கு நாற்பது வயது இருக்கலாம். சடையாண்டி அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். சாமி அவரை அண்ணே என்பார். அவர் மனைவி காமுத்தாயை மதினி என்பார். இதில் யார் குரு, யார் சீடர் என்ற குழப்பம் இருவருக்கும் வந்ததில்லை.

அந்த அமாவாசைக்கு வந்த கேள்வி வேறு மாதிரி இருந்தது.

"சாமி, வண்டியை எவ்வளவு தூக்கலாம்?"

சாமி கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரோரம் சாத்தினார். "எதுக்கு அண்ணே தூக்கணும்?"

"ஆமைக்கல்லுக்காகத்தான்."

மலைக்கும் கீழே சந்தைக்கும் நடுவில் ஓடுவது சடையாண்டியின் பிக்கப். பாதி வழியில் பாதையின் நடுவே ஆமை முதுகுபோல் ஒரு கல் எழும்பி நிற்கும். அதைப் பெயர்க்க முடியாது. அது தனிக் கல் அல்ல, மலையின் எலும்பு. ஆள் ஏறிய வண்டி அதைத் தாண்டினால் அடியில் சைலன்சர் உரசும். அதனால் அந்த இடம் வந்ததும் எல்லாரும் இறங்கி நடப்பார்கள். வண்டி காலியாகி மேலே எழும்பும், லேசாக உரசியபடி மெல்லக் கல்லைத் தாண்டும், அந்தப் பக்கம் எல்லாரும் மறுபடி ஏறிக்கொள்வார்கள். முன் சீட்டில் இருக்கும் காமுத்தாய் மட்டும் இறங்கமாட்டாள். "கல்லு வருது, கல்லு வருது" என்று சொல்லிக்கொண்டே வருவாள். கல்யாணமான புதிதில் மாட்டுவண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோதும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"மேலத்தெரு வண்டியைப் பட்டறையில தூக்கிட்டாங்க சாமி. ஆறு இஞ்ச். ஆமைக்கல்லுல ஒருத்தரும் இறங்குறதில்ல. என் வண்டியில வர்ற பொம்பளைங்க, 'சடையாண்டி வண்டிக்குக் காசு குடுத்து பாதித் தூரம் நடக்கணும்'னு சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டுமே."

"அதுகூடப் பரவாயில்ல." சடையாண்டி குரலைத் தாழ்த்தினார். மனைவி மடத்துச் சமையல்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "இவ இனிமே சந்தைக்கு வரமாட்டாளாம். போன வாரம் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போயி, தூக்கின வண்டி ஒண்ணைக் காட்டினேன். பாத்தா. ஒண்ணும் சொல்லல. வீட்டுக்கு வந்து, 'அடுத்த சந்தையிலருந்து நீங்களே போயிட்டு வாங்க, நான் கோழியைப் பாத்துக்கிறேன்'ங்கிறா."

"ஏனாம்?"

"கல்லுதான். வண்டி கல்லுல உரசுறப்பெல்லாம் முட்டியைப் பிடிச்சுக்குவா. உதறல் தாங்கல. அதான், உரசவே உரசாத மாதிரி தூக்கிரணும்னு இருக்கேன். மெக்கானிக்கு நாலும் பண்ணுவேன், ஆறும் பண்ணுவேன்கிறான். நாளைக்குச் சொல்லணும். அவ இல்லாம அந்த வண்டியை எப்படி சாமி ஓட்டுறது? பக்கத்து சீட்டுல யாரு பேசுவா?"

சாமி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஜாக்கி இருக்கா அண்ணே?"

"இருக்கு."

"எடுங்க."

மடத்தில் அமாவாசை அன்று மலைக்காரர்கள் எல்லாருக்கும் சாப்பாடு உண்டு. உட்கார மணை போடுவது அந்த மடத்து வழக்கம். பலாப்பலகையில் செய்த மணைகள், ஒவ்வொன்றும் ஓர் அங்குல கனம், கூடத்தின் மூலையில் இடுப்பளவுக்கு அடுக்கியிருக்கும். சாமி அதிலிருந்து கை நிறைய அள்ளி அள்ளி வெளியே கொண்டுவந்தார்.

சமையல்காரர் ராக்கன் எட்டிப் பார்த்தார். "சாமி! இன்னும் பருப்பே வேகல. இப்பவே மணையா?"

"முதல் பந்தி வண்டிக்கு."

ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் இரண்டிரண்டாக மணையைத் தள்ளினார்கள். சடையாண்டி ஜாக்கியைச் சுற்றினார். சாமி மணையைச் செருகினார். இரண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றியது. சக்கரத்துக்கு ஆறு மணையானதும் வண்டி முற்றத்தில் புது உயரத்தோடு நின்றது. சடையாண்டி நாலு எட்டு பின்னால் போய் நின்று பார்த்தார். முகம் மலர்ந்தது.

"யானை கணக்கா இருக்கு சாமி!"

"ஏறுறவங்க வரட்டும்" என்றார் சாமி.

சாப்பாட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்த வண்டியில் ஏறுகிறவர்கள்தான். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார் சாமி. தலைச்சுமைக்காரப் பெண் ஒருத்தி சவ்சவ் மூட்டையோடு வந்தாள். குனியாமல், யாரையும் கைகொடுக்கச் சொல்லாமல், தலையிலிருந்தே நேராக வண்டித் தட்டில் சாய்த்தாள்.

"அட, இது நல்லாருக்கே! இப்படியே விட்டுருங்க அண்ணே."

ஆட்டுக்காரர் ஆட்டைக் கொண்டுவந்தார். ஆடு ஒரே தாவில் ஏறிவிட்டது. ஆட்டுக்காரர் ஏறத்தான் இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது.

"மாப்பிள்ளையைக் குதிரையில ஏத்துறோமப்பா, பாத்து!" என்று ஒருத்தி கூவினாள். முற்றம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்தீங்களா சாமி" என்றார் சடையாண்டி. "எல்லாருக்கும் சந்தோசம். ஆறே வெச்சிரலாம்."

சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்தார். முன்கதவைத் திறந்து, காமுத்தாய் வழக்கமாக உட்காரும் சீட்டின் மேல் அதைப் போட்டார். பிறகு சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"மதினி! வண்டிக்குள்ள என் துண்டு கிடக்கு. கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்."

காமுத்தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வண்டி நின்ற உயரத்தைப் பார்த்தாள். வலது காலைத் தூக்கினாள். கால் கதவோரத்து விளிம்பைத் தொட்டதும் கீழே இறக்கி, செருப்பில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல் தரையில் தேய்த்தாள்.

"இருங்க சாமி" என்று உள்ளே போனாள். நீளமான அகப்பையோடு வந்தாள். நின்ற இடத்திலிருந்தே அகப்பையால் துண்டைக் கொக்கிபோட்டு இழுத்து, சாமியின் கையில் கொடுத்தாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"ஏறி எடுத்தா என்ன?" என்றார் சடையாண்டி.

"அடுப்புல பருப்பு இருக்கு" என்று போய்விட்டாள்.

"பாத்தீங்களா சாமி? நிக்கிற வண்டியில ஏறக்கூட மாட்டேங்குறா. கல்லு அவளை அந்த அளவுக்குப் பயமுறுத்தி வெச்சிருக்கு."

"ஜாக்கியைப் போடுங்க அண்ணே" என்றார் சாமி.

சக்கரத்துக்கு இரண்டு மணை வெளியே வந்தது. சாமி துண்டை மறுபடியும் சீட்டில் போட்டார். இந்த முறை சீட்டின் மறுகோடியில், அகப்பை எட்டாத இடத்தில்.

"மதினி! துண்டை மறுபடி மறந்துட்டேன்."

"சாமிக்கு இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். காலைத் தூக்கி விளிம்பில் வைத்தாள். ஒரு கையால் கதவைப் பிடித்தாள். இன்னொரு கை தானாகவே முட்டிக்குப் போனது. உதட்டைக் கடித்தாள். பிறகு காலை எடுத்துக் கீழே வைத்து, மறுபடியும் செருப்பைத் தேய்த்தாள்.

சடையாண்டி செருப்பைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. அவர் பார்வை மெல்ல மேலே ஏறி அவள் முட்டியில் நின்றது. கை இன்னும் அங்கேயே இருந்தது.

"ஒரு படி செஞ்சு தொங்கவிட்டா ஆச்சு" என்றார் ராக்கன் வாசலில் நின்றபடி.

"ஆமா!" என்றாள் காமுத்தாய் வெடுக்கென்று. "சந்தையில ஊரே பாக்க, கிழவிக்குப் படி கட்டியிருக்குன்னு காட்டணுமாக்கும். நான் கோழி மேய்க்கிறேன், அதுவே போதும்."

அவள் உள்ளே போனாள்.

"முட்டியா சாமி?" என்றார் சடையாண்டி மிக மெதுவாக.

"எனக்கு எப்படி அண்ணே தெரியும்? நானா தினமும் பக்கத்துல உட்கார்றேன்?"

சடையாண்டி தானே ஜாக்கியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் உட்கார்ந்தார். சாமி சொல்வதற்குக் காத்திராமல் ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கினார். சக்கரத்துக்கு இன்னும் இரண்டு மணை வெளியே வந்தது. எழுந்து நின்று கதவோரத்து விளிம்பைத் தன் முட்டியோடு அளந்து பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார். இன்னொன்றும் வந்தது.

"மணையை இங்க அனுப்புங்கய்யா!" என்று ராக்கன் கத்தினார். "இலை போட்டாச்சு. ஊரே பசியில நிக்குது. வண்டி இன்னும் எத்தனை வாய்தான் தின்னும்?"

"ஒரு வாய்தான் பாக்கி" என்றார் சாமி.

இந்தத் தடவை துண்டைச் சீட்டில் போட்டது சடையாண்டி. தன் துண்டை.

"காமு. இங்க வா. என் துண்டு உள்ள கிடக்கு."

அவள் வந்தாள். கணவனின் முகத்தைப் பார்த்தாள். வேர்வையும் மண்ணுமாக அது ஒரு தினுசாக இருந்தது. வண்டியைப் பார்த்தாள். காலைத் தூக்கி வைத்தாள், ஏறினாள், உட்கார்ந்தாள். கை முட்டிக்குப் போகவில்லை. வழக்கப்படி முந்தானையால் முன்கண்ணாடியை ஒரு தடவை துடைத்தாள். துடைத்த பிறகுதான் வண்டி எங்கும் போகவில்லை என்பது நினைவு வந்ததுபோல் சிரித்தாள்.

துண்டை எடுத்துக் கொடுத்தாள். ஆனால் இறங்கவில்லை.

"பருப்பு?" என்றார் சடையாண்டி.

"வெந்திருக்கும்" என்றாள். "சந்தை வியாழக்கிழமைதானே?"

"ஆமா."

"கோழிக்குத் தீவனம் வாங்கணும். ஞாபகப்படுத்துங்க."

மணைகளைக் கழுவிக் கூடத்தில் வரிசையாகப் போட்டார்கள். ஆட்டுக்காரர் உட்கார்ந்ததும், "டயர் வாசனை அடிக்குது" என்றார். தலைச்சுமைக்காரி, "வண்டித் தட்டு இறங்கிப்போச்சே, நான் மறுபடி குனியணுமா?" என்று கேட்டாள். "மூட்டையை நான் வாங்கி வெக்கிறேன் தாயி" என்றார் சடையாண்டி. கடைசி வரிசையில் நாலு மணை குறைந்தது. அந்த நாலும் இன்னும் வண்டிச் சக்கரங்களுக்கு அடியில் இருந்தன. சடையாண்டி வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

சாமி பரிமாறிக்கொண்டு வந்தார். சாம்பாருக்குச் சடையாண்டி ஒன்றும் சொல்லவில்லை. ரசத்துக்கும் ஒன்றும் சொல்லவில்லை. எதிரே காமுத்தாய் பக்கத்து இலைக்காரியிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார்.

மோர் வந்தது. அவர் தலை நிமிர்ந்தார். மோர் ஊற்ற வந்த கையைத் தடுத்து நிறுத்தினார்.

"சாமி, ஒரு சந்தேகம். நாளைக்குப் பட்டறையில ஒரு இஞ்ச்தான்னு சொல்லிருவேன். அது சரி. ஆனா ஆமைக்கல்லுக்கு ஒரு இஞ்ச் பத்தாதே? அதுக்குக் குறைஞ்சது நாலு இஞ்ச் வேணுமே?"

சாமி அவர் இலையில் மோரை ஊற்றினார்.

"கல்லு வண்டியில ஏறப்போறதில்லையே, அண்ணே."