கத்தரிப்பூ நிறத்து ஒட்டு

முன்னொரு காலத்தில், ஒரு மார்கழி மாதம், ஓர் அரசருக்குக் குளிர் தாங்கவில்லை. சிற்றரசர்கள் அனுப்பிய சால்வைகள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. எதைப் போர்த்தினாலும் பல் தந்தியடித்தது.

“துவைத்துத் துவைத்து நைந்த புடவையில்தான் கதகதப்பு உண்டு” என்றார் அரசர். “நகரத்தில் ஒவ்வொரு வீட்டுப் பழம்புடவையிலும் ஓர் உள்ளங்கை அகலம் சேர்த்து எனக்கு ஒட்டுப் போர்வை வேண்டும். பொங்கலுக்குள்!”

ஆடைப் பண்டாரத் தலைவர் சிங்கராயருக்கு விகடகவி அரியநம்பியைக் கண்டாலே மிளகாயைக் கடித்தது போலிருக்கும். ராயர் எழுந்தார்.

“இதற்கு நம்பியே தகுந்தவர், மகாராஜா. ஒரு வீடு விட்டுப்போனாலும் அவர் நாட்டை விட்டுப் போகட்டும்.”

“அப்படியே ஆகட்டும்.”

எந்த வீட்டை மனத்தில் வைத்து ராயர் பேசினார் என்று நம்பிக்குத் தெரியும். நம்பியின் மனைவி குழலி இறந்து மூன்று வருடம். மிஞ்சியது கத்தரிப்பூ நிறத்தில் ஒரே ஒரு புடவை. அதை அவர் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை.

நம்பி மூட்டையோடு வீடு வீடாகப் போனார்.

“இது பெரியவன் வயித்துல இருந்தப்போ கட்டினது, சாமி.”

“இது எங்க வீட்டுக்காரரோட நாலு நாள் பேசாம இருந்து வாங்கினது!”

பெண்கள் சிரித்தார்கள், நம்பியும் சிரித்தார். பிறகு கதவு சாத்திக்கொள்ளும். அடுத்த வீடு வரை தெரு நீளமாக இருக்கும்.

தரையில் ஒன்பது ஒன்பது துண்டாகப் பரப்பி, கட்டம் கட்டமாகத் தைத்தார். கடைசியில் நடுவில் ஓர் உள்ளங்கை இடம் காலியாக நின்றது. குழலியின் புடவையை எடுத்தார். கத்தரிக்கோலையும் எடுத்தார். இரண்டும் மூன்று நாள் அருகருகே கிடந்தன. நான்காம் நாள் ஊசியை மட்டும் எடுத்தார்.

பொங்கலுக்கு முதல் நாள் சபையில் போர்வை விரிந்தது. அதன் நடுவிலிருந்து கத்தரிப்பூப் புடவை ஒன்று வழிந்து, படியிறங்கி, சிங்கராயரின் கால்வரை போயிற்று.

“இது என்ன வால்?” என்றார் அரசர்.

“என் வீட்டுத் துண்டு, அரசே. உள்ளங்கை அகலம் போர்வையில் தைத்தாயிற்று.”

“மீதி?”

“சேர்க்கச் சொல்லித்தான் உத்தரவு. வெட்டச் சொல்லி உத்தரவில்லை.”

“மகாராஜா, இது ஏமாற்று!” என்று ராயர் குதித்தார்.

“விட்டுப்போன வீட்டைக் காட்டும், ராயரே. இப்போதே மூட்டை கட்டுகிறேன்.”

அரசர் போர்வையைப் போர்த்தி ஓரடி வைத்தார். புடவை காலைச் சுற்றியது.

“இதோடு நான் எப்படியப்பா தூங்குவது?”

“தாராளமாகத் தூங்கலாம், அரசே. ஆனால் அந்தப் புடவையைப் பிரிந்து நான் இருந்ததில்லை. கட்டிலோரம் எனக்கும் ஒரு பாய் போடச் சொல்லுங்கள். கொஞ்சம் குறட்டை உண்டு.”

“உன் குறட்டைக்குக் குளிரே மேல்!” அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து ஓய்ந்தபின் அந்தப் புடவையையே வெகுநேரம் பார்த்தார். கத்தரிக்கோலோடு ஓடிவந்த பணியாளைக் கையமர்த்தினார்.

“வேண்டாம். போர்வை புடவையோடு போகட்டும். நம்பி, இது உனக்கு. ராயரே, எனக்கு வேறொன்று தையும். வீடு வீடாக நீரே போய்க் கேளும்.”

நம்பி பட்டப்பகலிலேயே வீட்டுக்குப் போய்ப் படுத்தார். ஊர்ப் புடவைகளெல்லாம் மேலே கதகதவென்று கனத்தன. தைக்காத மீதியை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டார்.