வில்லில் ஒரு சிவப்புப் புள்ளி

"புள்ளி எரியுற வில்லும் வில்லுதானா, ஆசான்?" என்று கேட்டார் மாசாணம்.

கேட்டுவிட்டு அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். நான்கு மைல் ஏற்றம். அதுகூடப் பரவாயில்லை. நான்கு மாதமாக இதே கேள்வி.

மாசாணம் அந்த மலையின் வேட்டைக் கண்காணிப்பாளர். பன்றி வேட்டைக்கு யார் போகலாம், எந்த வில்லோடு போகலாம் என்று எழுதிவைப்பது அவர் வேலை. ஆசான் இசக்கியம்மை அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் அவருக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். அதனால் இவருக்கு அவர் ஆசான், அவருக்கு இவர் அண்ணாச்சி.

ஆசான் குனிந்து தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

மாசாணம் மனசில் கிடந்ததை எல்லாம் கொட்டினார். முதலில் ஒரே வரிதான் எழுதினாராம்: வில்லோடு ஒட்டிய எதிலும் மின்சாரம் ஓடக் கூடாது. மறுவாரமே ஒருத்தன் வில்லில் இருந்த விளக்கைக் கழற்றி நெற்றியில் கட்டிக்கொண்டு வந்து, வில்லுல ஒட்டலையே, என் மேலதானே ஒட்டியிருக்கு என்றான். இன்னொருத்தன் தூரம் அளக்கிற கருவியைப் பெண்டாட்டி கையில் கொடுத்துக் கூடவே கூட்டிப்போனான். மூன்றாவது ஆள் குறிபார்க்க வில்லில் கட்டிய, வெயிலைக் குடித்து மினுங்கும் நூலொன்றைக் காட்டி, சூரியனுக்கும் தடையா என்று கேட்டான். ஆளுக்கொரு விதி எழுதி எழுதி, ஒரு வரி நாற்பத்தொரு விதியாகிவிட்டது. தூக்கத்திலும் எண் போட்டுக்கொண்டிருக்கிறாராம்.

"இப்ப கோலப்பன்" என்று மடியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்தார். வில்லில் மாட்டிப் பார்த்தால் அதன் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி எரியும். புள்ளி எங்கே விழுகிறதோ அங்கே அம்பு.

கோலப்பனுக்கு அறுபத்தாறு வயது. இரண்டு கண்ணிலும் புரை. நான்கு நாளைக்கு முன்னால் மாசாணம்தான் இந்தக் கண்ணாடியை அவர் வில்லிலிருந்து பிடுங்கிவந்தார். அதைத் திருப்பிக் கொடுப்பதா, இல்லை கோலப்பனின் வேட்டைச் சீட்டையே ரத்து செய்வதா என்று இன்று சாயங்காலம் ஊர்க்கூட்டத்தில் சொல்லியாக வேண்டும். சீட்டுப் போனால் இந்த வயதில் திரும்பக் கிடைக்காது.

"கோலப்பன் நேத்து வெறுங்கண்ணோட எய்தாரு" என்றார் ஆசான். "பன்னிக்கு வயித்துல பட்டு ஓடிட்டு."

அந்த மலையில் ஒரு வழக்கம். அடிபட்ட பன்றியைக் கண்டுபிடித்து அதன் வேதனையை முடிக்கும்வரை எய்தவர் வீட்டில் அடுப்பு எரியாது. கோலப்பனும் தேடித்தான் பார்த்தார். இலைமேல் கிடந்த ரத்தம் அவர் கண்ணுக்கு எட்டவில்லை. அவருக்காக ஆசான் அந்த ரத்தத் தடத்தைத் தேடி வந்திருக்கிறார்.

மாசாணம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வேறென்ன செய்ய? பின்னாலேயே நடந்தார்.

ஓடை தாண்டியதும் அவருக்கு மனசு குத்தியது.

"தப்பு என் பேர்லதான், ஆசான். புள்ளி இருந்திருந்தா நெஞ்சுல பட்டிருக்கும். அந்த இடத்துலயே போயிருக்கும். கூடும்னு எழுதிருதேன்."

ஆசான் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். அடுத்த துளி எங்கே என்று கேட்டார்.

மாசாணம் தேடினார். எல்லா இலையும் ஒரே மாதிரி இருந்தது. ஆசான் விரலை நீட்டினார். துளி மாசாணத்தின் செருப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது.

கொஞ்ச தூரம் ஏறினார்கள்.

"இந்தத் துளி கண்ணுல தெரியாதவன் எதுக்கு எய்யணும்?" என்றார் மாசாணம். "புள்ளி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. கூடாதுன்னே எழுதிருதேன்."

ஆசான் முள்கிளையை விலக்கிப் பிடித்து அவருக்கு வழிவிட்டார்.

உச்சி வெயிலில் பன்றியைக் கண்டார்கள். ஒரு சேற்றுக் குழியில் கிடந்தது. உயிர் இருந்தது. ஆள் வாடை பட்டதும் எழப் பார்த்தது. பின்னங்கால் வரவில்லை.

மாசாணத்துக்கு அழுகை வரும்போல இருந்தது. பன்றிக்காகவா, தனக்காகவா என்று அவருக்கே தெரியவில்லை.

"ஒரே வார்த்தை, ஆசான். கூடுமா, கூடாதா?"

ஆசான் தன் வில்லை எடுத்து அவர் கையில் வைத்தார்.

மாசாணம் வில்லைத் தொட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. பேனாவோடு சரி. நாணை இழுத்தார். தோள் நடுங்கியது. அம்பின் முனை பன்றியின் காதிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது, வயிற்றிலிருந்து சேற்றுக்குப் போனது. வயிற்றில் ஏற்கெனவே ஓர் அம்பு இருக்கிறது.

வில்லைத் தாழ்த்தினார். கண்ணாடியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இதை மாட்டிக்கிடட்டுமா?"

நாற்பத்தொரு விதி எழுதியவர் வாய்தான் அப்படிக் கேட்டது.

ஆசானுக்குக் கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

"எத்தனை அடி இருக்கும்?"

"நாப்பது இருக்கும்."

"நடக்கலாமே, அண்ணாச்சி."

"பாய்ஞ்சுதுன்னா?"

"பாயலாம்."

மாசாணம் கண்ணாடியை மடியில் செருகிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். சருகை ஒதுக்கி ஒதுக்கி அடி வைத்தார். முப்பதடியில் அதன் மூச்சு கேட்டது. இருபதடியில் மேலே உட்கார்ந்த ஈக்கள் தெரிந்தன. அது தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. அவர் நின்றார். பிறகு மறுபடியும் நடந்தார்.

பத்தடியில் அதன் இமையில் ஒட்டியிருந்த சேறு தெரிந்தது. நாணை இழுத்தார். கை நடுங்கவில்லை.

இங்கே வந்து நின்றால் புள்ளி இல்லாமலே கோலப்பன் கண்ணுக்கும் தெரியும்.