கார் நகரவில்லை, பாதை நகர்ந்தது

வெள்ளரிப்பாக்கத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வதெல்லாம் வயிற்றெரிச்சல். மூளை எல்லாருக்கும் இருக்கிறது. யாரும் எடுத்துப் புழங்காததால் இன்னும் புதுசாகவே இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஊர் மாநகராட்சி ஆனதும் கடைத்தெருவில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை போட்டார்கள். சாலையோரமாகப் பச்சை பெயின்ட், இரண்டு பக்கமும் வெள்ளைக்கோடு. பெயின்ட் காய்ந்த அன்றைக்கே மருந்துக்கடை வேதாசலம் தன் காரைக் கொண்டுவந்து அதில் நிறுத்தி, மேலே உறையும் போட்டு மூடிவிட்டார். "நம்ம கடை வாசலுக்கு இப்பத்தான் ஒரு களை வந்திருக்கு" என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

அந்தப் பாதையில் நிஜமாகவே சைக்கிள் ஓட்டியது ஒரே ஒரு ஆள். இடியாப்பம் விற்கும் ரமீஜாக்கா. விடியக்காலையில் அவித்து, பெட்டியில் அடைத்து, கேரியரில் கட்டி, லேடீஸ் ஹாஸ்டலுக்கு எட்டு மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். காரைச் சுற்றிப் போகலாம் என்று நடுரோட்டுக்கு வந்தால் முதுகுக்குப் பின்னால் பஸ் உறுமும். பயந்துபோய் இறங்கி உருட்டினால் நேரமாகிவிடும். "இன்னும் ஒரு நாள் லேட்டானா நான் வேற ஆளைப் பார்த்துக்குவேன்" என்று வார்டன் கறாராகச் சொல்லிவிட்டார். பாவம், அந்த ஒரு ஹாஸ்டலை வைத்துத்தான் ரமீஜாக்கா வீட்டில் உலை கொதிக்கிறது. நேராகப் போய்க் கமிஷனர் அம்மாவிடம் அழுதுவிட்டார்.

கமிஷனர் அம்மா வெளியூர்க்காரர். ஊரைப் பற்றித் தெரியாது. உடனே மூன்று பேரைப் பிடித்து 'தடை அகற்றும் படை' என்று ஒன்றை அமைத்தார். விசில் கையில் கிடைத்ததால் ஞானசிகாமணி தலைவர். அட்சயலிங்கமும் பக்கிரியும் படை.

"நாளையிலேருந்து அந்தப் பாதையில ஒரு வண்டி இருக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுதுங்கம்மா" என்றார்கள் மூவரும். வெள்ளரிப்பாக்கத்தில் யாருக்கும் எதுவும் புரியாமல் போனதே கிடையாது. அங்கேதான் சிக்கல்.

மறுநாள் காலை படை போய் நின்றது. காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார் ஞானசிகாமணி.

"இது எங்கேயும் ஓடிடாது. சாவகாசமா பார்த்துக்கலாம். ஓடுற வண்டியை முதல்ல பிடிப்போம்."

ஓடுற வண்டி ஒன்றுதான் வந்தது. ரமீஜாக்காவின் சைக்கிள்.

"தலைவரே, சைக்கிள் வண்டியில சேர்த்தியா?"

"சக்கரம் இருக்கில்ல?"

"இருக்கு."

"அப்புறமென்ன கேள்வி, தூக்கு!"

பெட்டியோடு சைக்கிளைத் தூக்கி நடைபாதையில் வைத்தார்கள். "அடப்பாவிகளா, யாரைப் பிடிக்கச் சொன்னா யாரைப் பிடிக்கிறீங்க!" என்று கத்திவிட்டு, ரமீஜாக்கா நடைபாதையிலேயே உருட்டிக்கொண்டு ஓடினார். வார்டன் கதவுக்கு வெளியே வந்து எட்டிப் பார்க்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

கமிஷனர் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அது சைக்கிள் பாதைய்யா! சைக்கிள் மட்டும்தான் போகலாம். வேற எதுவும் போகக் கூடாது."

மறுநாள் படை மிகுந்த மரியாதையோடு ரமீஜாக்காவை நிறுத்தியது.

"சைக்கிள் தாராளமா போகலாம்க்கா. நீங்க இறங்கிக்கங்க."

"நான் இறங்கினா அதை யாருப்பா ஓட்டுறது?"

"அதைப் பத்தி அம்மா ஒண்ணும் சொல்லலை. சைக்கிள் மட்டும்னுதான் சொன்னாங்க."

பெட்டியை அவிழ்த்து அக்கா கையில் கொடுத்தார்கள். சைக்கிளை நேராக நிமிர்த்தி, கூடி நின்று ஒரு தள்ளு தள்ளினார்கள். அது கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே போய், வேதாசலத்தின் காருக்குக் கிட்டே படுத்துக்கொண்டது. "பழக்கம் இல்லை. நாளாக நாளாகப் போயிடும்" என்றான் பக்கிரி. ரமீஜாக்கா வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டு, ஒரு ஆட்டோக்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அன்றைக்கும் எப்படியோ போய்ச் சேர்ந்தார்.

கமிஷனர் அம்மாவுக்கு இப்போது குரலே கம்மிவிட்டது. "சைக்கிள் போகலாம், ஓட்டுற ஆள் போகலாம், சாமான் போகலாம். நான் சொன்னது அந்தக் காரை! வேதாசலத்துகிட்ட சண்டை வேண்டாம், கார்ல ஒரு கீறல் விழக் கூடாது. ஆனா நாளைக்கு எட்டு மணிக்கு நான் வந்து பார்க்கும்போது கார் பாதைக்குள்ள இருக்கக் கூடாது. இருந்துச்சு, உங்க மூணு பேருக்கும் வேலை இருக்காது."

படை காருக்கு எதிரே உட்கார்ந்து ஆலோசித்தது.

"தள்ளிப் பார்ப்பமா?" என்றான் அட்சயலிங்கம்.

"பூட்டியிருக்கு. தள்ளினா கீறல் விழும்."

"அப்ப கார் நகராது."

"நகராது." ஞானசிகாமணி கண்ணை மூடித் திறந்தார். "காரைத்தானே பூட்டியிருக்கு? பாதையைப் பூட்டலையே!"

மற்ற இருவருக்கும் சிலிர்த்துவிட்டது. இப்படி ஒரு தலைவர் எந்த ஊருக்கு வாய்ப்பார்!

சாயங்காலத்துக்குள் காரைச் சுற்றியிருந்த பச்சையை எல்லாம் கறுப்பு பெயின்ட் அடித்து மறைத்து, பாதையை நடுரோடு வரைக்கும் வளைத்துக் கொண்டுபோய், காரைத் தாண்டித் திரும்பவும் ஓரத்தில் சேர்த்துவிட்டார்கள். இதைப் பார்த்த கரும்பு ஜூஸ்காரர், "நான் மட்டும் என்னய்யா பாவம் பண்ணினேன்?" என்று மல்லுக்கு நின்றதால் அவருக்கும் ஒரு வளைவு. சற்றுத் தள்ளிப் படுத்திருந்த மாட்டுக்கும் ஒன்று போட்டார்கள். பாதி பெயின்ட் அடிக்கையில் மாடு எழுந்துவிட்டது. அது திரும்ப வந்து படுக்கும்வரை மூவரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

காலையில் வந்து பார்த்தால் தலையில் இடி விழுந்தது. கார் இல்லை! மச்சினன் கல்யாணத்துக்கென்று வேதாசலம் இருட்டோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். உறை மட்டும் கடை வாசலில் கிடந்தது. பாதை எதையுமே சுற்றாமல் சும்மா வளைந்திருந்தது.

"இப்படி ஏமாத்திட்டாரே மனுஷன்!" என்று அட்சயலிங்கம் கலங்கினான். "ஏன் வளையுதுன்னு அம்மா கேட்டா என்ன சொல்றது?"

அந்த நேரம் பார்த்து ரமீஜாக்கா வந்தார். வழியில் கார் இல்லை. அவருக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவே இல்லை. நேராக ஒரு மிதி மிதித்தார்.

ஞானசிகாமணி விசிலை ஊதினார். "அக்கா! சைக்கிள் பாதையை விட்டு வெளியே ஓட்டுறீங்க!"

"காலியா கிடக்கேப்பா!"

"காலியா கிடக்கிறதுதானே எங்க கவலையே! இங்க ஒரு வண்டி நிக்கணும்க்கா. மூணு குடும்பம் பிழைக்கணும். அம்மா வந்துக்கிட்டு இருக்காங்க."

அக்கா மறுத்துப் பேசுவதற்குள் சைக்கிள் கைமாறிவிட்டது. பெட்டியை அவிழ்த்து அக்கா கையில் கொடுத்துவிட்டு, கார் நின்ற இடத்தில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, வேதாசலத்தின் கார் உறையை எடுத்துப் போர்த்தி, காற்றில் பறக்காமல் நாலு மூலைக்கும் கல் வைத்தார்கள்.

"என் சோத்துல மண்ணைப் போடுறீங்களேடா! எட்டு மணிக்கு நான் ஹாஸ்டல்ல இருக்கணும்!"

அதே சமயம் டவுன் பஸ் வளைவுக்கு வந்தது. 'சைக்கிள் பாதைக்குள் பஸ்ஸா?' என்று பக்கிரி குறுக்கே விழுந்து நிறுத்தினான். டிரைவர் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருக்க, ரமீஜாக்கா பெட்டியோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். பஸ் எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் பறந்தது. வார்டன் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே இடியாப்பம் போய்விட்டது.

எட்டு மணிக்குக் கமிஷனர் அம்மா வந்தார். பச்சைப் பாதை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. காரும் இல்லை, ஒரு சைக்கிளும் இல்லை.

"பாதை ஏன் இப்படிப் போகுது?"

"அங்க வண்டி நிக்குதுங்கம்மா."

அவர் போய் உறையைத் தூக்கிப் பார்த்தார். திரும்ப மூடினார். கல்லைக்கூட இருந்த இடத்திலேயே வைத்தார். ஜீப்பில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மாவுக்குப் பரம திருப்தி" என்றார் ஞானசிகாமணி.

மத்தியானம் ரமீஜாக்கா காலிப் பெட்டியோடு சைக்கிளைக் கேட்டு வந்தார். படை கையெடுத்துக் கும்பிட்டது. "அதை எடுத்தா அவ்வளவு பாதையையும் நிமித்தணும்க்கா. கறுப்பு பெயின்ட் தீர்ந்துபோச்சு."

பேசிக்கொண்டிருக்கும்போதே வேதாசலத்தின் கார் திரும்பி வந்து நின்றது. கல்யாண மாலை வாசனையோடு இறங்கியவர், தன் இடத்தில், தன் உறைக்குள் ஒரு சைக்கிள் நிற்பதைப் பார்த்துக் கொதித்துப்போனார்.

"என்ன அநியாயம் இது! சைக்கிளுக்குன்னு தனியா பாதை போட்டுக் குடுத்திருக்காங்கல்ல? அங்க போகாம என் காரை மறிச்சுக்கிட்டு நின்னா, நான் எங்கேய்யா நிறுத்துவேன்?"

ரமீஜாக்காவுக்கு வந்த சிரிப்பில் பெட்டி மூடி கழன்று விழுந்தது. "இதைத்தாங்க நானும் இத்தனை நாளா கேட்டேன்" என்றார்.

ஞானசிகாமணி வேதாசலத்தின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"நியாயமான கேள்விங்க. நீங்க கவலையே படாதீங்க. அந்தப் பச்சையில கொண்டுபோய் விடுங்க, காலியாத்தான் இருக்கு." பிறகு பக்கிரி பக்கம் திரும்பினார். "கறுப்பு வாங்கிட்டு ஓடி வா. இவர் காரைச் சுத்தி இன்னொரு வளைவு போட்டாகணும். அப்படியே உன் காருக்கும் ஒண்ணு போட்டுக்கலாம். எதிர்க்கடை வாசல்ல கொஞ்சம் இடம் இருக்கு பாரு!"

"ஐயோ தலைவரே," என்றான் பக்கிரி, "எனக்குக் கார் இல்லையே!"

"இல்லையா?" ஞானசிகாமணி யோசித்தார். "அப்ப உனக்கு வளைவு வேண்டாம். அவருக்கு மட்டும் போடு."