ஒரு சாண் ஆழம்

இதை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் ஆலயத்தில் மணியடிக்கும் தேவசகாயம் அண்ணன். என் கடைசி மகளைக் கட்டிக்கொடுத்து, வீடு வெறிச்சென்று கிடந்த வாரம் அது.

எகிப்து தேசத்தில் ஒரு பார்வோன் பட்டத்துக்கு வந்தார். வேதத்தில் வருகிறவர் இல்லை, இவர் வேறு. வந்ததும் முந்தின பார்வோனின் பெயரைக் கோயில் சுவரிலிருந்து செதுக்கி எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவருக்கே பயம் பிடித்துக்கொண்டது.

"என் பெயரை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டுங்கள். எவனும் அழிக்கக்கூடாது."

வெட்டியவர் கென்னா. நாற்பது வயது, மூன்று பிள்ளைகள். உளி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த குரு பாசேர் இன்னும் பக்கத்தில் இருந்தார்.

எழுத்துகள் குகை மாதிரி ஆழமாக அமைந்தன. இரண்டு மாதத்தில் அந்தக் குழிகளில் சிட்டுக்குருவி கூடு கட்டிவிட்டது.

திருவிழாவுக்கு முந்தின நாள் மேற்பார்வையாளர் ஹூயி வந்து அண்ணாந்து பார்த்தார்.

"என்னப்பா கென்னா, ராஜா பேருக்கு றெக்கை முளைத்திருக்கிறது? நாளைக்கு அவர் வருகிறார். ஒரு குருவி கண்ணில் பட்டாலும் நீ பாலைவனத்துக் கல்குழிக்குப் போகிறாய்."

கல்குழிக்குப் போனவர்கள் திரும்பி வந்தது குறைவு.

கென்னா ஏணியில் ஏறினார். ஏறினவர் அப்படியே இறங்கி வந்தார்.

"ஐயா, குஞ்சு பொரித்திருக்கிறது. இன்னும் கண் திறக்கவில்லை. நான் என்ன செய்ய?"

பாசேர் அந்தத் தள்ளாத வயதில் தானே ஏறினார். குழிக்குள் கையை விட்டார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு இறங்கினார்.

"ஏணியை எடுத்துவிடு. நாளை உன் பக்கத்தில் நான் நிற்கிறேன்."

மறுநாள் பார்வோன் சுவருக்கு முன்னால் வந்து நின்றார். மேளம் அடங்கியது. மேலே கீச்சென்று சத்தம்.

"என் பெயருக்குள் என்ன அது?"

ஹூயி தரையைப் பார்த்தார். பாசேர்தான் பேசினார்.

"குருவிக் குஞ்சுகள், ராஜாவே. நாலு."

"யார் விட்டது?"

"யாரும் விடவில்லை. இந்தச் சுவருக்கு ஆணை இல்லாமல் வந்தவை அவை மட்டும்தான்."

பார்வோன் கண்ணுக்கு மேல் கையை வைத்து, வெகுநேரம் மேலே பார்த்தார்.

"இருக்கட்டும்" என்று நடந்துவிட்டார்.

வீடு திரும்பும்போது கென்னா கேட்டார்.

"ஐயா, அந்தப் பெயரை இனி யாராலும் அழிக்க முடியாதா? அவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறேன்."

"ஆழம் எதற்கு? உளி இருந்தால் அழிக்கலாம்."

"பிறகு?"

"போன பார்வோன் பெயரை அழித்தது நான்தான். காலைக் கஞ்சிக்கு முன்பே முடிந்துவிட்டது. கையை நிறுத்த அந்தப் பெயருக்குள் ஒன்றும் இல்லை. நேற்று நீ ஏணியில் ஏறிவிட்டு இறங்கினாயே, கென்னா."

அண்ணன் சொன்ன கதை இவ்வளவுதான்.

நீங்கள் போகும்போது வாசற்கதவை மெல்லச் சாத்துங்கள். மீட்டர் பெட்டிக்கு மேலே ஒரு குருவி அடைகாக்கிறது.